கருமலைச் சீமையில்

ஈரானின் தப்ரீஸ் நகரத்தை விட்டுக் கிளம்பும்போது வெயில் சுள்ளென்று அடித்தது. கோய்ஜெ பெல் கணவாயை நோக்கி வண்டி ஏற ஏற, இரண்டு பக்கமும் மொட்டை மலைகள். ஒன்று காவி நிறம், ஒன்று சாம்பல் நிறம், ஒன்று செங்கல்லைப் பொடித்துத் தூவிய நிறம். நிழலுக்கு ஒதுங்க ஒரு மரம் கிடையாது. அஹர் ஊரைத் தாண்டி வெகுதூரம் போன பிறகு, ஏதோ ஒரு வளைவில் எல்லாமே மாறிப்போனது. பச்சை! கண்ணுக்கு எட்டிய மட்டும் காடு! பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி எழுந்து சாலையின் குறுக்கே நகர்ந்துகொண்டிருந்தது. கண்ணாடியை இறக்கினேன். ஈரமண்ணும் இலையும் கலந்த வாசனை, கூடவே பல் கிட்டுகிற குளிர். இது ஜூன் மாதம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

"காஸ்பியன் கடலின் ஈரம் இதுவரைக்கும் வரும், ஹானிம். அந்த மொட்டை மலைகளுக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை" என்றார் வண்டி ஓட்டி வந்த பெரியவர்.

நாங்கள் நுழைந்திருந்தது கலெய்பர் மாவட்டம். ஈரானின் வடமேற்கில், கிழக்கு அஜர்பைஜான் மாகாணத்தில் இருக்கிறது. அஜர்பைஜான் என்றதும் பாக்குவைத் தலைநகராகக் கொண்ட நாடுதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் அஜர்பைஜானி மொழி பேசுகிறவர்கள் அந்த நாட்டைவிட ஈரானில்தான் அதிகம். 1813இலும் 1828இலும் ரஷ்யப் பேரரசிடம் தோற்று ஈரான் கையெழுத்திட்ட உடன்படிக்கைகளால், வடக்கே ஓடும் அராஸ் ஆறு எல்லைக்கோடானது. ஒரே மொழி பேசிய மக்கள் இரு கரையிலுமாகப் பிரிந்துபோனார்கள். இங்கே கடைப்பலகையும் பள்ளிப் புத்தகமும் பாரசீகத்தில் இருக்கின்றன. கடைக்குள் நடக்கிற பேரம், தெருவில் பிள்ளைகள் போடுகிற சண்டை, பாட்டியின் அதட்டல் எல்லாம் துர்க்கியில். தங்கள் மொழியை அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

மாவட்டம் என்றேனே, அதன் மக்கள்தொகை 2016 கணக்கெடுப்பின்படி சுமார் 46 ஆயிரம்தான்! நம் பக்கத்தில் ஒரு நடுத்தர நகராட்சியிலேயே இதைவிடக் கூட்டம் இருக்கும். தலைமையிடமான கலெய்பர் ஊரில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர். மற்றவர்களில் பெரும்பாலோர் மலைமடிப்புகளில் சிதறிக்கிடக்கும் சிறு கிராமங்களில் வாழ்கிறார்கள். 2006இல் 87 ஆயிரமாக இருந்த எண்ணிக்கை சட்டென்று சரிந்ததற்குக் காரணம், அராஸை ஒட்டிய வடபகுதி ஹொதாஃபரின் என்ற தனி மாவட்டமாகப் பிரிந்ததுதான். ஆனால் பிரிந்த பிறகும் 2011க்கும் 2016க்கும் இடையில் இரண்டாயிரத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது. இளைஞர்கள் தப்ரீஸுக்கும் தெஹ்ரானுக்கும் போய்விடுகிறார்கள். சாலையோரக் கிராமங்களில் பூட்டிய கதவுகளைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே வயிற்றைப் பிசைந்தது. இவ்வளவு அழகான மண்ணை விட்டுவிட்டா?

அடுத்து, இந்த மலைகளின் உச்சியில் இருக்கும் பாபக் கோட்டை. அதற்கு நடந்துதான் ஏறவேண்டும். முதலில் படிகள், பிறகு கல்லும் புல்லுமான ஒற்றையடிப் பாதை. மூச்சு வாங்கியது, காது அடைத்தது. கடைசியில் இரு பாறைகளுக்கு நடுவே ஓர் இடுக்கு வருகிறது பாருங்கள், ஆள் பின்னால் ஆளாகத்தான் அதில் நுழைய முடியும். ஒன்பதாம் நூற்றாண்டில் அப்பாசியக் கலீபாக்களின் பெரும்படைகளை பாபக் ஹொர்ரம்தீன் இருபது ஆண்டுகளுக்கும் மேல் எதிர்த்து நின்றது இந்த மலைகளை நம்பித்தான். அந்த இடுக்கில் நின்றபோது அது எப்படிச் சாத்தியமானது என்று விளங்கியது. மேலே ஒரு சிலர் கல்லோடு காத்திருந்தால் போதும், கீழிருந்து எந்தச் சேனை வந்து என்ன? 837இல் தளபதி அஃப்ஷின் கோட்டையைப் பிடித்தார். மறு ஆண்டு சமாராவில் பாபக்கைக் கொன்றார்கள். இடிந்த சுவரில் கைவைத்துப் பார்த்தேன், பனிக்கட்டிபோல் சில்லிட்டது. கடல்மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கும் மேலே, காலுக்குக் கீழே மேகம் ஊர்ந்துகொண்டிருந்தது!

இறங்கியதும் பசி. ஒரு வீட்டுக் கடையில் தந்தூர் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி, பாலாடை, தேன், ஆவி பறக்கும் தயிர்க் கஞ்சி. கஞ்சியில் என்னென்ன மலைக்கீரைகளோ, ஒவ்வொரு வாய்க்கும் ஒவ்வொரு மணம். இடுப்பு சிறுத்த கண்ணாடிக் குவளையில் கறுப்புத் தேநீர் வந்தது. சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் கவ்விக்கொண்டு அதன் வழியே தேநீரை உறிஞ்சவேண்டும் என்று செய்து காட்டினார்கள். அந்த ருசி நாக்கைவிட்டுப் போகவே இல்லை.

மதியத்துக்கு மேல் அராஸ்பாரான் காட்டு ஓரமாகப் போனோம். 1976இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த காடு இது. ஆற்றங்கரையில் 250 மீட்டர் அளவில் தொடங்கி 2,900 மீட்டரை நெருங்கும் உயரம்வரை போகிறது. ஒரே மலைத்தொடருக்குள் இத்தனை ஏற்ற இறக்கம் இருப்பதால், ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாவர வகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காக வளர்கின்றன. ஓக், வால்நட், சிவப்பாய்ப் புளிக்கும் சோகால் பழமரம். கரடியும் ஓநாயும் உண்டு. பெரியவர் ஆஷிக் எனப்படும் மரபுப் பாடகர் ஒருவரின் பாட்டை வண்டியில் ஓடவிட்டார். கரதாக், அதாவது கருமலை என்பது இந்தச் சீமையின் பழம்பெயர். இந்தக் கரதாக் பக்கத்து ஆஷிக்குகள் சாஸ் என்ற நரம்பிசைக் கருவியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றபடியே பாடுவார்களாம்.

காட்டுக்கு மேலே மரமெல்லாம் நின்றுபோய்ப் புல்வெளி விரிந்தது. இதுதான் யாய்லாக், கோடைமேய்ச்சல் நிலம். குளிர்காலத்தைத் தாழ்நிலங்களில் கழித்த மேய்ப்பர் குடும்பங்கள், பனி உருகியதும் ஆட்டுமந்தையோடு இங்கே ஏறி வந்துவிடுகின்றன. கணக்கெடுப்புத் தாளில் ஒரே இடத்தில் அடங்குகிற மக்களா இவர்கள்? புல்லோடு சேர்ந்து ஏறி, பனியோடு சேர்ந்து இறங்குகிறார்கள்.

கம்பளிக் கூடாரத்துக்குள் ஒரு மூதாட்டி தறிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். "வா, கிஸிம், உட்கார்" என்று மகளைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டு, தன் போர்வையை எடுத்து என் தோளில் போட்டார். நெய்துகொண்டிருந்தது வெர்னி, இந்த மலைப்பெண்கள் காலங்காலமாக நெய்துவரும் விரிப்பு. எதிரே மாதிரிப் படம் இல்லை, கோடு போட்ட தாள் இல்லை. மான் எங்கே திரும்பவேண்டும், அதன் கொம்பு எத்தனை இழையில் முடியவேண்டும் என்பதெல்லாம் அவர் நினைவில் இருக்கிறது. விரல்கள் பாட்டுக்கு ஓடுகின்றன, நான் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்!

"உங்கள் மகள்களும் நெய்வார்களா, அம்மா?" என்று பெரியவர் மூலமாகக் கேட்டேன்.

"மூத்தவள் நெய்வாள். சின்னவள் தப்ரீஸில் படிக்கிறாள். கோடை விடுமுறைக்கு வருவாள், அப்போது உட்காரவைத்துச் சொல்லித்தரவேண்டும்" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் சுருட்டி வைத்திருந்த சிவப்பு நூலை எடுத்துக்காட்டினார். அது அவளுக்காக எடுத்துவைத்ததாம்.