ஆர்.சி. புக்கில் 346 சிசி

உங்கள்ல எத்தனை பேர் ஒரு பிஸ்டனைக் கையில எடுத்துப் பார்த்திருக்கீங்க? லேப்ல பாதியா வெட்டி, சிவப்பும் பச்சையும் பெயின்ட் அடிச்சு ஒரு மாடல் வச்சிருப்பாங்களே, அது கணக்குல வராது. நிஜமா ஓடி, கரி பிடிச்சு, சூட்டுல வெந்து போன பிஸ்டனைக் கேட்கிறேன். நாலாவது வருஷம் மெக்கானிக்கல் படிக்கிற நான் போன மே மாசம் வரைக்கும் பார்த்ததில்லை. இத்தனைக்கும் தெர்மல் பேப்பர்ல நல்ல கிரேடு!

எங்க வீட்டு மாட்டுக்கொட்டகையில தாத்தாவோட புல்லட் ஒன்பது வருஷமா நின்னுட்டிருந்தது. 350 சிசி, 1978 மாடல். தாத்தா கால்நடை ஆய்வாளர். திண்டுக்கல் பக்கம் மண் ரோட்டுல ஊர் ஊரா போய் மாட்டுக்கு ஊசி போட்டவர். அவர் இறந்த பிறகு யாரும் கிக்கர்ல கால் வைக்கலை. இந்த வருஷம் ஒருத்தர் வந்து 70,000 ரூபாய்க்குக் கேட்டார். அக்கா கல்யாணக் கடன் இன்னும் முடியலை. அப்பா ஒரே வரியில சொல்லிட்டார்: "தீபாவளிக்குள்ள ஓடுச்சுன்னா நிக்கட்டும். இல்லைன்னா குடுத்துடலாம்."

இன்னொரு பக்கம், எங்க பேட்ச்ல முக்கால்வாசிப் பேருக்கு சாஃப்ட்வேர் வேலைதான்னு அப்பவே தெரியும். எனக்கும் அதுதான் கிடைச்சிருக்கு. அப்போ நான் பிரிக்கப்போற முதல் இன்ஜினும் கடைசி இன்ஜினும் இதுவாவே இருக்கலாம். அதனால செமஸ்டர் லீவுல கொட்டகையைப் பெருக்கிட்டு உட்கார்ந்தேன்.

இந்த வண்டியோட பூர்வீகம் இங்கிலாந்து, ரெட்டிச். 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸோட சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா ஆரம்பிச்சு, அப்புறம் திருவொற்றியூர்ல செய்ய ஆரம்பிச்சாங்க. அங்க தாய்க் கம்பெனி மூடின பிறகும் இங்க ஓடிட்டே இருந்தது. அந்தப் பிறப்பு உங்களுக்கு முதல் நாளே புரியும். நம்ம மில்லிமீட்டர் ஸ்பேனர் செட்ல பாதி நட்டுக்கு ஒண்ணுமே சரியா உட்காராது, ஏன்னா மரை எல்லாம் பழைய பிரிட்டிஷ் அளவு. பக்கத்துத் தெருவுல வருஷக்கணக்கா புல்லட் மட்டுமே பார்க்கிற மெக்கானிக் பாய்கிட்ட விட்வொர்த் ஸ்பேனர் இரவல் வாங்கினேன். ஸ்பேனரோட ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார்: "கிராங்க் முனையில ஆயில் பம்பை ஓட்டுற வார்ம் இருக்கும். லெஃப்ட் த்ரெட் தம்பி. கழட்ட வலதுபக்கம் சுத்தணும்." எந்தப் புத்தகத்துலயும் இதுக்கு மார்க் கிடையாது. தெரியாம பலம் போட்டா மரையே போயிடும்.

ஹெட்டைக் கழட்டி, பேரலை மேல தூக்கினதும் பிஸ்டன் வெளியே வந்தது. கரியை டீசல் துணியால துடைச்சா மேல 040-னு குத்தியிருந்தது. அதாவது 40 தவ், ஒரு இன்ச்சுல ஆயிரத்துல நாற்பது பங்கு. (நமக்கு மைக்ரான், லேத்காரங்களுக்குத் தவ்.) கம்பெனியில இருந்து வரும்போது போர் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90. தேய்ஞ்ச பேரலை அகலமாக்கி 71-க்குக் கொண்டு வந்திருக்காங்க. கால்குலேட்டர்ல தட்டிப் பார்த்தேன். ஆர்.சி. புக்ல 346 சிசி, உள்ளே 356!

அடுத்தது பேரல். மேல்பக்கம் விரலை விட்டு மெதுவா இழுத்தா ஒரு இடத்துல நகம் தடுக்கிச்சு, சின்ன வரப்பு மாதிரி. உங்களுக்கும் வைவால இந்தக் கேள்வி வந்திருக்கும்: சிலிண்டர்ல தேய்மானம் எங்கே அதிகம், ஏன்? பிஸ்டன் உச்சியில திரும்புற நொடியில வேகம் பூஜ்யம். வேகம் இல்லைன்னா ரிங்குக்கும் சுவருக்கும் நடுவுல ஆயில் படலம் நிக்காது, மேல எரியுற வாயுவோட அழுத்தம் வேற ரிங்கை வெளியே தள்ளும். ரிங் தொடாத இடம் பழைய அளவுலயே நிக்கும், தொட்ட இடம் குழியும். ரெண்டு மார்க் பதிலா இதை எத்தனை தடவை எழுதியிருக்கேன். அந்த ரெண்டு மார்க் இப்போ நகத்துல தட்டுப்படுது. கூடவே தாத்தா ஓட்டின மண் ரோட்டுப் புழுதியும் அதுல சேர்ந்திருக்கும்.

கனெக்டிங் ராடை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தேன். பக்கவாட்டுல அசையலாம், மேல்கீழா ஆட்டம் இருக்கக்கூடாது. இல்லை. அதனால கிராங்கைத் தொடலை.

ராத்திரி பிஸ்டனை அப்பாகிட்ட காட்டினேன். வண்டியைப் பத்தி ஒன்பது வருஷமா பேசாத மனுஷன், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த நாப்பது போட்டப்போ நான் ஏழாவது படிச்சேன். பேரலை மடியில வச்சுக்கிட்டு டவுன் பஸ்ல வந்தது நான்தான். டவுசர் பூரா கிரீஸு. உங்க தாத்தா திட்டவே இல்லை" என்றார். மறுநாள் லீவு போட்டுட்டு எங்கூட லேத்துக்கு வந்தார். பஸ்லதான்.

லேத்காரர் டயல் கேஜ் விட்டு அளந்தார். ஹோனிங்கோட முடியாது, 60 போட்டுத்தான் ஆகணும், அதுவே கடைசி சைஸ், அடுத்த தடவை ஸ்லீவ்தான் என்றார். "முதல்ல பிஸ்டன் வாங்கிட்டு வாங்க. அதை அளந்துட்டுத்தான் போர் அடிப்பேன்." நாம டிராயிங்ல H7, g6-னு போட்டுட்டு நகர்ந்துடுவோம். அவர் கையில வர்ற ஒவ்வொரு பிஸ்டனையும் மைக்ரோமீட்டர்ல பார்க்கிறார். அலுமினியம் பிஸ்டன் சூட்டுல இரும்பு பேரலை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும். இடைவெளி குறைஞ்சா பிடிச்சுக்கும், கூடினா தட்டும். பிஸ்டன், ரிங், கேஸ்கெட், லேத் கூலி எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல. பாதி என் இன்டர்ன்ஷிப் பணம்.

திரும்ப மாட்டுறதுல எனக்குப் பிடிச்சது டேப்பட். ஃபீலர் கேஜோட தயாரா இருந்தேன், பாய் சிரிச்சார். இன்ஜின் குளிர்ந்திருக்கணும், பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில இருக்கணும். புஷ் ராடை ரெண்டு விரலால சுத்தினா சுத்தணும், தூக்கினா ஆடக்கூடாது. அவ்வளவுதான் செட்டிங். குளிர்ல இடைவெளி பூஜ்யம். ஓட ஆரம்பிச்சா பேரலும் ஹெட்டும் சூடாகி உயரும், இடைவெளி தானா வந்துடும். அன்னைக்கு மட்டும் முப்பது தடவையாவது சுத்திப் பார்த்திருப்பேன்.

ஸ்டார்ட் பண்றதுக்கும் ஒரு முறை இருக்கு. டீகம்ப்ரசரை அழுத்திக்கிட்டு கிக்கரை மெதுவா இறக்கணும். ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வந்தா பாயிண்ட் திறந்துடுச்சுன்னு அர்த்தம். டீகம்ப்ரசரை விட்டுட்டு, கிக்கரை மேல கொண்டு வந்து, ஒரே மிதி. எனக்கு இது யூடியூப்ல தெரியும், அப்பாவுக்குக் கால்லயே தெரியும். தீபாவளிக்குப் பதினோரு நாள் இருக்கும்போது நாலாவது மிதியில பிடிச்சது. கியர் வலது கால், பிரேக் இடது கால். ஒரு வாரம் தெருவுக்குள்ளேயே சுத்திட்டிருந்தேன்.

இப்போ 310 கிலோமீட்டர் ஓடியிருக்கு. 500 வரைக்கும் ஐம்பதைத் தாண்டக்கூடாதுன்னு பாய் உத்தரவு, சிறுமலை ஏத்தத்துக்கும் அதுவரை தடை. போன வாரம் அந்த 70,000 ரூபாய்க்காரர் மறுபடி போன் பண்ணினார். அப்பாதான் எடுத்தார். "வண்டி ஓடுதுங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு வச்சுட்டார்.