நாற்காலிக்கு ஆள் தேடுகிறவர்களுக்கு

1923-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தனக்கு ஒரு நூலகர் வேண்டும் என்று அறிவித்தது. 900 பேர் வரை விண்ணப்பித்தார்கள். முறையான நூலகப் பயிற்சி பெற்றவர் அவர்களில் ஒருவரும் இல்லை. கடைசியில் தேர்வானவர், மாநிலக் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்த சீர்காழிக்காரர். வயது 31. நேர்காணலுக்குச் சில நாள் முன்பு என்சைக்ளோபீடியா பிரிட்டானிகாவில் நூலகங்களைப் பற்றிய கட்டுரையை ஒரு தடவை படித்துக்கொண்டு போனார். நூலகத் தொழிலைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். 1924 ஜனவரியில் வந்து உட்கார்ந்தார். சில நாளிலேயே சலித்துப்போனது. பேச ஆளில்லை, செய்ய வேலையில்லை, என்னைத் திரும்ப வகுப்பறைக்கே விட்டுவிடுங்கள் என்று வந்து நின்றார். அவர்தான் எஸ். ஆர். ரங்கநாதன்.

நியமித்தவர்களுக்குக் கோபம் வந்திருந்தால் நியாயம்தான். இத்தனை பேரில் உங்களைப் பொறுக்கி எடுத்தோமே என்று கடிந்துகொண்டிருக்கலாம். அல்லது அடுத்த விண்ணப்பத்தைப் புரட்டியிருக்கலாம். இரண்டையும் செய்யாமல் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள்: லண்டனுக்குப் போய் இந்தத் தொழிலைப் படித்து வாருங்கள், வந்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் கணித ஆசிரியர் வேலைக்கே திரும்பிவிடலாம். போனார். யுனிவர்சிட்டி காலேஜில் பெர்விக் சேயர்ஸிடம் படித்தார். ஊர் ஊராகப் போய் நூலகங்களைப் பார்த்தார். செல்ஃபிரிட்ஜஸ் கடையில் மெக்கானோ என்னும் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானைப் பார்த்தபோது, நூல்களைப் பகுக்கவும் இப்படித் துண்டு துண்டாகப் பூட்டிக்கொள்ளலாமே என்று தோன்றியது. 1925-இல் ஊர் திரும்பியவர் அதன்பின் கணக்கு வகுப்பைப் பற்றிப் பேசவே இல்லை. 1928-இல் சென்னை நூலகச் சங்கம், 1931-இல் நூலகத் துறைக்கான ஐந்து விதிகள் என்னும் நூல், அதே ஆண்டில் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் ஊர்ஊராகப் போன நூலகம், 1933-இல் கோலன் பகுப்பு முறை, 1948-இல் சுதந்திர இந்தியாவிலேயே முதலாவதான சென்னைப் பொது நூலகச் சட்டம் என்று அவர் கைபட்ட காரியங்கள் வளர்ந்துகொண்டே போயின.

இந்தக் கதையை எல்லோரும் ரங்கநாதனின் மேதைமைக்குச் சொல்வார்கள். எனக்கோ அவரை நியமித்துவிட்டுப் பொறுமையாக இருந்தவர்கள் மேல்தான் மரியாதை.

இதை இப்போது எழுதக் காரணம் என் தம்பி மகள். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் குடும்பத்தோடு இருக்கிறாள். அங்கே நூலக வட்டாரத்துக்கு ஏழு பேர் கொண்ட அறங்காவலர் குழு உண்டு. ஊரார் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள், சம்பளம் கிடையாது. அதில் இவளும் ஒருத்தி. பழைய இயக்குநர் ஓய்வு பெறப்போகிறார், புதியவரைத் தேடவேண்டும். "பெரியப்பா, உங்களுக்குத்தான் இதிலெல்லாம் அனுபவம், என்ன கேட்கணும் சொல்லுங்க" என்றாள். பள்ளிக்கூடத்தில் உழைத்து ஓய்வுபெற்று, ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் உட்கார்ந்திருக்கும் கிழவனுக்கு இதைவிட என்ன கௌரவம் வேண்டும்? போனில் சொன்னது போதவில்லை என்று பட்டது. அதனால் எழுத்தில்.

அவள் சொன்னதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. அந்த மாநிலத்தின் சட்டப்படி நேர்காணலை மூடிய கதவுக்குள் நடத்திக்கொள்ளலாம். ஆனால் இன்னாரை நியமிக்கிறோம் என்கிற ஓட்டு மட்டும் ஊரார் முன்னால் திறந்த கூட்டத்தில் விழவேண்டும். தோற்றவரின் மானமும் காப்பாற்றப்படுகிறது, ஜெயித்தவரை யார் எடுத்தார்கள் என்பதும் ஊருக்குத் தெரிகிறது. நம்மூரில் பல இடங்களில் இது தலைகீழாக நடக்கும். யார் கழித்துக்கட்டப்பட்டார் என்பது டீக்கடை வரைக்கும் வந்துவிடும். யார் சொல்லி யார் வந்தார் என்பது மட்டும் கடைசிவரை வெளியே வராது.

சட்டம் ஒழுங்காக இருந்தால் குழு ஒழுங்காக இருக்கும் என்று அர்த்தமில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் பொது நூலகத்தில் 1905-இல் நடந்ததைப் பாருங்கள். அங்கே மேரி ஜோன்ஸ் என்னும் அம்மையார் 1900 முதல் தலைமை நூலகர். நூலகப் பள்ளியில் முறையாகப் படித்தவர். வேலையில் குறை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் குழுத் தலைவருக்கு ஓர் ஆண் அந்த இடத்தில் இருந்தால் தேவலை என்று தோன்றிவிட்டது. ராஜினாமா செய்யச் சொன்னார்கள். அம்மையார் மாட்டேன் என்றார். நகரத்துப் பெண்கள் திரண்டு வந்து அவர் பக்கம் நின்றார்கள், பெண்களின் ஓட்டுரிமைக்குப் போராடிய சூசன் பி. அந்தோனியும் ஆதரவு தந்தார், மேயரும் அவர் பக்கமே பேசினார். ஒன்றும் பலிக்கவில்லை. சார்லஸ் லம்மிஸ் என்னும் பத்திரிகையாளர் நாற்காலிக்கு வந்தார். 1884-இல் ஒஹையோவிலிருந்து கிளம்பி லாஸ் ஏஞ்சலிஸ் வரை நடந்தே வந்து, வழியெல்லாம் பத்திரிகைக்கு எழுதி அனுப்பிப் பேர் வாங்கியவர். நூலகப் பயிற்சி ஒரு நாள்கூடக் கிடையாது.

லம்மிஸ் வெறும் ஆள் இல்லை, அதையும் சொல்லவேண்டும். அந்த வட்டாரத்தின் வரலாற்று நூல்களைத் தேடிச் சேர்த்தார். போலி மருத்துவப் புத்தகங்களில் மண்டையோட்டுப் படம் போட்ட எச்சரிக்கை வைத்தார். விலை உயர்ந்த நூல்களைத் திருடக்கூடாது என்று, மாட்டுக்குச் சூடு போடுவதுபோல இரும்பைக் காய்ச்சி முத்திரை குத்தினார்! படிக்கும்போது சிரிப்பு வரும், கொஞ்சம் பிரியமும் வரும். ஆனால் அன்றாடம் அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலை அவருக்கு ஒத்துவரவில்லை. 1910-இல் விலகிப் போனார். மேரி ஜோன்ஸ் வேறோர் ஊரில் கல்லூரி நூலகத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

ரங்கநாதனுக்கும் பயிற்சி இல்லை, லம்மிஸுக்கும் இல்லை. ஒன்று சரி, மற்றது தவறு என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று என் மருமகன் மடக்கினார். வக்கீல், அப்படித்தான் கேட்பார். சென்னையில் பயிற்சி பெற்றவர் யாருமே வரவில்லை. இருந்தவர்களில் கற்றுக்கொள்ளக்கூடியவரை எடுத்து, கற்றுக்கொள்ளவும் அனுப்பினார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் கற்றவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். அவரை எழுப்பிவிட்டுப் புகழை உட்காரவைத்தார்கள். கண்ணுக்கு எதிரே வேலை பார்க்கிறவரை நமக்குத் தெரிவதில்லை. வெளியூரிலிருந்து வருகிறவரின் குரல் மட்டும் கணீரென்று கேட்கிறது.

ஒரு பள்ளிக்கூடத்தில் பார்த்தேன், பெயர் வேண்டாம். தலைமையாசிரியர் இடம் காலியாகி, மூத்த ஆசிரியை ஒருவர் பொறுப்பில் இருந்து எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். நிர்வாகக் குழு வெளியிலிருந்து நல்ல பேச்சாளர் ஒருவரைக் கொண்டுவந்தது. அது அவர்கள் உரிமை. ஆனால் அந்த அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பியூன் மாலை வாங்கிக்கொண்டு வந்ததைப் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொண்டார். அன்றைக்கும் வகுப்புக்குப் போனார், அடுத்த நாளும் போனார். ஆசிரியர் கூட்டத்தில் மட்டும் அதன்பின் வாயே திறக்கவில்லை. எந்தப் பிள்ளையின் அப்பா வேலையிழந்து நிற்கிறார், எந்தக் கட்டடத்தில் மழைக்கு ஒழுகும் என்று புதியவருக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் போயிற்று. பாவம், அவரும் திணறினார்.

ஆகவே தம்பி மகளுக்கு என் முதல் வேண்டுகோள் இது. உங்கள் நூலகத்திலேயே துணை இயக்குநரோ மூத்த நூலகரோ விண்ணப்பித்திருந்தால், வெளியாட்களைப் பார்ப்பதற்கு முன்னால் அவரோடு ஒரு மணி நேரம் பேசுங்கள். அவரை எடுக்கவில்லை என்றால் கடிதம் போவதற்கு முன்னால் நேரில் போய்ச் சொல்லுங்கள். ஏன் என்பதையும் சொல்லுங்கள். புதியவரின் கீழ் மறுநாளிலிருந்து அவர்தானே வேலை செய்யப்போகிறார்.

மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க நம்மவர்கள் அவர் மேலதிகாரியிடம் போகமாட்டார்கள். பக்கத்து வீட்டுக்கும் தெருமுனைக் கடைக்கும்தான் போவார்கள். இயக்குநரையும் அப்படித்தான் விசாரிக்கவேண்டும். சிபாரிசுக் கடிதம் எழுதித் தருகிறவர் நல்லதைத்தான் எழுதுவார். விண்ணப்பித்தவர் இப்போது இருக்கும் நூலகத்துக்கு, அவர் அனுமதியோடு, ஒரு நாள் சும்மா போய்ப் பாருங்கள். கழிவறை சுத்தமாக இருக்கிறதா? புத்தகத்தைத் திரும்ப அடுக்குகிற பையன் முகம் எப்படி இருக்கிறது? வீடில்லாத ஒருவர் வெயிலுக்கோ குளிருக்கோ உள்ளே வந்து உட்கார்ந்தால் அவரிடம் எப்படிப் பேசுகிறார்கள்? இதையெல்லாம் எந்த நேர்காணலும் சொல்லாது. முதுகலைப் பட்டம் விண்ணப்பத்திலேயே இருக்கிறது, அதைப் பற்றிக் கேட்டு நேரத்தை வீணாக்கவேண்டாம்.

கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. சில ஆண்டுகளாக அமெரிக்காவில் இந்தப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடு, அந்தப் புத்தகத்தை எடு என்று குழுக் கூட்டங்களில் சண்டை நடப்பதைச் செய்தியில் பார்க்கிறோம். கூட்டமாக வந்து கத்துவார்கள். சில நேரம் அறங்காவலரில் ஒருவரே அவர்களுக்குத் தலைமை தாங்குவார். "நாங்களே ஒரு புத்தகத்தை எடுக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். உடனே தலையாட்டுகிறவர் வேண்டாம். எகிறிக் குதிக்கிறவரும் எனக்கு அவ்வளவு உவப்பில்லை. இன்ன நடைமுறை இருக்கிறது, அதன்படி மனு கொடுங்கள், படித்துப் பார்த்துப் பதில் சொல்கிறேன் என்று நிதானமாகச் சொல்கிறவரைப் பாருங்கள். அந்தப் பதில் உங்களுக்கே கொஞ்சம் உறுத்தும். உறுத்தட்டும்.

வள்ளுவர் 51-ஆம் அதிகாரத்தில் ஆளை ஆராய்ந்து தெளிவதைச் சொன்னவர், அதோடு நிறுத்தாமல் 52-ஆம் அதிகாரத்தில் தெளிந்தவரிடம் வேலையை ஒப்படைத்து ஆள்வதைச் சொல்கிறார். நம் குழுக்கள் 51-ஐ முடித்ததுமே பொன்னாடை போர்த்திவிட்டுக் கிளம்பிவிடுகின்றன. பிறகு ஆறு மாதம் எட்டிப்பார்ப்பதில்லை. இல்லாவிட்டால் தினமும் வந்து பேனா வாங்கியதற்கு ரசீது கேட்பார்கள். எதைச் செய்தாலும் புதியவர் நொந்துபோவார். முதல் ஆண்டு அவர் கற்றுக்கொள்ளும் ஆண்டு என்று எழுத்திலேயே வையுங்கள். பயிற்சிக்குப் பணம் ஒதுக்குங்கள். எனக்கு இங்கே ஒத்துவரவில்லை என்று அவர் சொல்ல நேர்ந்தால் அவமானமில்லாமல் வெளியேற ஒரு வழியும் இருக்கட்டும். அப்படி ஒரு வழி இருந்ததால்தான் ரங்கநாதன் லண்டனுக்குக் கப்பல் ஏறினார் என்பது என் எண்ணம்.

நமக்கு இங்கே நூலகரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இல்லை. மாவட்ட நூலக அலுவலரையும் கிளை நூலகரையும் நாம் ஓட்டுப் போட்டு எடுப்பதில்லை. ஆனால் தமிழ்நாட்டில் வீட்டு வரி கட்டும் ஒவ்வொருவரும் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகக் கட்டுகிறோம். ரசீதில் அது தனியாகவே இருக்கும், பாருங்கள். காசு கொடுத்தவனுக்குக் கேட்க உரிமை உண்டு. அடுத்த மாதம் உங்கள் கிளை நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்துக்குப் போங்கள். இந்த நூலகத்துக்கு ஒதுக்கிய பணியிடம் எத்தனை, அதில் ஆள் இருப்பது எத்தனை, பொறுப்பில் ஓடுவது எத்தனை என்று எழுந்து கேளுங்கள். பதில் வரும்வரை உட்காராதீர்கள்.