நிறுத்தினால் விழும் இயந்திரம்

மனிதவடிவ ரோபோக்களை உருவாக்குவோரின் அறம் பற்றிப் பேச முற்படுவோர், ஐசக் அசிமோவ் 1942இல் தம் சிறுகதையொன்றில் ரோபோக்களுக்கென வகுத்த மூன்று விதிகளிலிருந்து தொடங்குவது வழக்கம். ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் பொறியாளருக்கு அவ்விதிகளால் பெரிய பயன் இல்லை. அவர் நாள்தோறும் எதிர்கொள்ளும் அறக்கேள்விகள் பொத்தான், கயிறு, ஒளிப்பதிவு, குறிப்பேடு ஆகியவற்றில்தான் பொதிந்துள்ளன. அவற்றுள் முதன்மையானது அவசர நிறுத்தப் பொத்தானைப் பற்றியது.

தொழிற்சாலையில் தரையோடு பொருத்தப்பட்ட ரோபோக் கையில் அப்பொத்தானை அழுத்தினால், மோட்டார்களுக்குச் செல்லும் மின்சாரம் துண்டிக்கப்பட்டு, மூட்டுகளிலுள்ள பிரேக்குகள் பிடித்துக்கொள்ள, கை இருந்த இடத்திலேயே நின்றுவிடும். இரு கால்களில் நடக்கும் ரோபோவின் நிலை வேறு. நிற்பதே அதற்கு இடைவிடாத செயல்; உடலின் சாய்வையும் பாதத்தின் அழுத்தத்தையும் உணரிகள் ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான முறை அளந்து சொல்ல, மூட்டைத் திருப்பும் விசையாகிய முறுக்குவிசை அதற்கேற்பத் திருத்தப்பட்டுக்கொண்டே இருப்பதால்தான் அது நிற்கிறது. மின்சாரத்தைத் துண்டித்தால் சரிந்து விழும். பாஸ்டன் டைனமிக்ஸ் நிறுவனம் 2013இல் காட்டிய அட்லஸ் ரோபோவின் எடை சுமார் 150 கிலோ என்பதை எண்ணிப் பார்த்தால், ஆபத்திலிருந்து காக்க வேண்டிய பொத்தானே அருகில் நிற்பவர்மீது அவ்வளவு எடையைச் சாய்த்துவிடக்கூடும் என்பது விளங்கும்.

மனிதரும் ரோபோவும் ஓரிடத்தில் வேலை செய்வது பற்றி 2016இல் வெளியான ஐஎஸ்ஓ 15066 என்னும் ஆவணம், ரோபோ தொட்டாலோ மோதினாலோ உடலின் எந்தப் பகுதியில் எவ்வளவு விசை வரை அனுமதிக்கலாம் என்பதற்கு வரம்புகளைத் தருகிறது. அது தொழிற்சாலை ரோபோக்களை மனத்தில் கொண்டது. நின்றுவிட்ட இயந்திரம் தீங்கு செய்யாது என்ற எண்ணமே அத்தகைய தரங்களின் அடித்தளம். சமநிலையைத் தானே காத்துக்கொள்ள வேண்டிய ரோபோக்களுக்கெனத் தனித் தரம் வகுக்கும் பணி மிகப் பிந்தியே தொடங்கியது. ஆகவே ரோபோவைச் சுற்றி எவ்வளவு தொலைவை ஆளில்லாமல் வைத்திருப்பது, நிறுத்தச் சொன்னால் அது விழாமல் மண்டியிட்டு அமர எத்தனை நொடி தருவது, விழுவது தவிர்க்க முடியாதெனில் எந்தப் பக்கம் விழச் செய்வது என்பனவற்றையெல்லாம் ஆய்வகத்தில் இருப்போரே, பல வேளைகளில் நிரல் எழுதும் இளையவர்களே, தீர்மானிக்க நேர்கிறது. 2015 ஜூனில் கலிபோர்னியாவின் பொமோனாவில், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான டார்ப்பா நடத்திய ரோபோட்டிக்ஸ் சவால் என்னும் போட்டியின் இறுதிச் சுற்றில், பாதுகாப்புக் கயிறின்றி இயங்கிய ரோபோக்கள் பல அடுத்தடுத்து விழுந்தன. அக்காட்சிகளைக் கண்டு பலரும் சிரித்தனர். மனிதரை விலக்கி வைத்திருந்ததால்தான் அது சிரிக்கும் காட்சியாக இருந்தது.

ஆய்வகத்தில் ரோபோவை மேலிருந்து தாங்கிப் பிடிக்கும் பாதுகாப்புக் கயிறு ஒளிப்பதிவில் அழகாக இராது. அதை அவிழ்த்துவிட்டுப் படம்பிடிக்கலாம் என்று குழுவில் ஒருவர் சொல்லும் வேளையில், பாதுகாப்பு பற்றிய கேள்வி வாய்மை பற்றிய கேள்வியாகவும் ஆகிவிடுகிறது. வேறிடத்திலிருக்கும் மனிதர் தம் கை அசைவுகளால் ரோபோவை நடத்துவதைத் தொலை இயக்கம் என்பர். ரோபோவுக்குப் பயிற்சித் தரவு திரட்ட அது இன்றியமையாத நேரிய முறை. அதை மறைத்துக் காட்டுவதே தவறு. 2024 அக்டோபரில் டெஸ்லா நிறுவனம் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நடத்திய நிகழ்ச்சியில் ஆப்டிமஸ் ரோபோக்கள் விருந்தினரோடு உரையாடிப் பானம் வழங்கின. மனிதர்கள் தொலைவிலிருந்து அவற்றுக்கு உதவியது பலருக்கும் பின்னரே தெரியவந்தது. அதே ஆண்டு ஜனவரியில், சக்கரத்தின்மேல் இரு கைகள் கொண்ட தங்கள் மொபைல் அலோகா ரோபோவின் காட்சிகளை வெளியிட்ட ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழுவினர், எவை தொலை இயக்கம், எவை தன்னியக்கம் என்று பிரித்துச் சொன்னதோடு, ரோபோ சொதப்பிய தருணங்களையும் தொகுத்து வெளியிட்டனர். ஆய்வாளருக்குரிய வழி இதுவே. காட்சியை நம்பியவர் நாளை அந்த ரோபோவின் அருகில் தம் குழந்தையை விளையாட விடுவார். அது எத்தனை முறை தோற்ற பிறகு அந்த ஒரு வெற்றி கிடைத்தது, காட்சி எத்தனை மடங்கு வேகப்படுத்தப்பட்டது என்பவை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தொலை இயக்கம், வீட்டுக்குள் நுழையும் ரோபோவின் கேமராக்களைப் பற்றியும் கேள்வி எழுப்புகிறது. தொலை இயக்குநர் பார்ப்பதற்கு வீட்டு உரிமையாளர் ஒப்புதல் தந்திருப்பார். அங்கு வேலை செய்யும் பெண்ணும், வந்து போகும் விருந்தினரும், பள்ளிச் சிறுவனும் தந்திருக்க மாட்டார்கள். முகங்களை ரோபோவுக்குள்ளேயே மங்கலாக்கி அனுப்புவது தொழில்நுட்பத்தால் இயலக்கூடியதே. அதைச் செய்வதா என்ற கேள்வி பெரும்பாலும் ரோபோவின் கணினித்திறன் போதாது என்ற காரணத்தோடு தள்ளிப்போடப்படுகிறது.

இளம் பொறியாளருக்கு அதிகாரம் குறைவு. ஆயினும் விசையின் உச்சவரம்பை எழுதுவதும், காணொளியின் கீழ் வரும் விளக்கத்தைத் தட்டச்சு செய்வதும், சோதனைக் குறிப்பை நிரப்புவதும் அவர் கைகளே. ஆய்வகத்தில் சேர்ந்தவுடன் அவர் கேட்டுப் பெற வேண்டியது, அங்குள்ள ரோபோ விழுந்த ஒவ்வொரு முறையும் எங்கே, ஏன் விழுந்தது, அருகில் யார் இருந்தார் என்று பதிவான குறிப்பேடு. அப்படியொன்று இல்லையெனில் அன்றே அதைத் தொடங்கிவிட வேண்டும்.