வெறும் தட்டு திரும்பக் கூடாது

 

அரையாண்டுத் தேர்வு முடிந்த அன்று எங்கள் 9-ஆம் வகுப்பில் பலகாரப் பரிமாற்றம் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். வாசனை வராண்டா வரைக்கும் வந்தது என்று 10-ஆம் வகுப்பு அக்காமார் சொன்னார்கள். விதி இதுதான். 42 பேரும் சீட்டு எடுத்து, ஆறு ஆறு பேராக ஏழு குழு. ஒவ்வொருத்தரும் ஒரே ஒரு பலகாரம், வீட்டில் செய்தது, ஐந்து பொட்டலம் கொண்டு வரணும். ஒரு பொட்டலத்தில் நாலு. குழுவில் மற்ற ஐந்து பேருக்கும் கொடுத்துவிட்டு, ஐந்து விதப் பலகாரத்தோடு வீட்டுக்குப் போகலாம். கடையில் வாங்கியது கூடவே கூடாது. அதில் நான் எதைச் செய்வது என்று முடிவு பண்ணின கதைதான் இந்தக் கட்டுரை.

அமெரிக்காவில் டிசம்பர் மாதம் ‘குக்கீ எக்ஸ்சேஞ்ச்’ என்று ஒன்று நடத்துவார்கள் என்று எங்கள் ஆங்கில ஆசிரியை சொன்னார். ஒவ்வொருத்தரும் ஒரே வகை குக்கீயை நிறையச் செய்துகொண்டு வந்து, பல வகையோடு திரும்புவார்களாம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம்ம திண்டுக்கல்லில் இது பேர் வைக்காமலேயே நடக்கிற விஷயம் ஆச்சே! தீபாவளிக்கு எங்கள் வீட்டிலிருந்து அதிரசமும் முறுக்கும் தெரு முழுக்கப் போகும். கிறிஸ்துமஸுக்கு எதிர்வீட்டிலிருந்து கேக்கும் கல்கல்லும் வரும். ரம்ஜான் அன்று பேகம்பூரிலிருந்து அப்பாவின் நண்பர் தூக்குவாளியில் பிரியாணி கொடுத்தனுப்புவார். வந்த பாத்திரத்தை யாரும் சும்மா திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். வெறும் தட்டு திரும்பக் கூடாது என்பது எங்கள் அப்பத்தா சொல்லும் சட்டம்.

அந்த அப்பத்தா போன ஆடி மாதம் இறந்துவிட்டார்கள்.

எங்கள் பக்கம் பல வீடுகளில், ஒருவர் இறந்தால் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது. எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். அதாவது பண்டிகைப் பலகாரம் எதையும் எண்ணெயில் போட்டு எடுக்கக் கூடாது. அந்த வீட்டுப் பிள்ளைகள் ஏங்கிப் போகக் கூடாது என்று சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் பலகாரம் கொண்டு வந்து தருவார்கள். இந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு ஒன்பது தட்டு வந்தது. ஒன்பதிலும் அம்மா சீனி போட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார்கள்.

இப்போது பரிமாற்றத்துக்கு வருவோம். வகுப்பில் எல்லாரும் என்னிடம் எதிர்பார்த்தது அச்சு முறுக்கு. போன வருஷம் அப்பத்தா செய்து கொடுத்ததை ஒரு நிமிஷத்தில் காலி பண்ணினவர்கள் அல்லவா! அந்த இரும்பு அச்சு இன்னும் அடுப்படி ஆணியில் தொங்குகிறது. அச்சைக் காய்கிற எண்ணெயிலேயே வைத்துச் சூடாக்கணும். பிறகு மாவில் முக்கால்வாசி மட்டும் முக்கணும். முழுசாக முக்கினால் மாவு மேலேயும் மூடிக்கொண்டு, கழன்று விழாது. சூடில்லாத அச்சில் மாவு சரியாகப் பிடிக்காது. பூப்போல விரிந்து எண்ணெயில் விழும்போது பார்க்கவே அழகாக இருக்கும்.

இந்த அச்சு முறுக்கு நமக்கு மட்டும் சொந்தமில்லை. கேரளத்தில் இதுவே அச்சப்பம். இலங்கையில் கொக்கிஸ். ஆங்கிலத்தில் குக்கீ என்கிறோமே, அது ‘சின்ன கேக்’ என்ற பொருள் உள்ள டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. கொக்கிஸ் என்ற பெயரும் அதே டச்சுச் சொல்தான் என்கிறார்கள். டச்சுக்காரர்கள் 1796 வரை இலங்கைக் கடற்கரைப் பகுதிகளை ஆண்டவர்கள் அல்லவா? ஸ்வீடன், நார்வே நாடுகளிலும் இதே போல அச்சை முக்கிப் பொரித்து கிறிஸ்துமஸுக்குச் சாப்பிடுகிறார்கள். ஆக, குக்கீ பரிமாற்றத்துக்கு அச்சு முறுக்கை விடப் பொருத்தமானது எது? ஆனால் எண்ணெய்ச் சட்டி வைக்காமல் அதைச் செய்யவே முடியாது.

அதிரசம், முறுக்கு, சீடை எல்லாம் அதே காரணத்தால் தள்ளுபடி. கொழுக்கட்டை ஆவியில் வேகிறதுதான். ஆனால் காலையில் செய்தால் சாயங்காலத்துக்குள் ஊசிப் போகும். கேசரியைப் பொட்டலம் கட்ட முடியாது. கடலை உருண்டையை எங்கள் குழுவில் ஒருத்தி ஏற்கெனவே எடுத்துக்கொண்டாள். பழனி பஞ்சாமிர்தம் கொடுக்கலாமே என்று தம்பி யோசனை சொன்னான். அது நம் மாவட்டத்துப் பெருமைதான், 2019-இல் புவிசார் குறியீடு வாங்கியதுதான். ஆனால் வீட்டில் செய்தது ஆகாதே! இன்னொன்று, எங்கள் குழுவில் ஒருத்தி முட்டை சேர்க்க மாட்டாள். அதனால் கேக்கும் போச்சு.

வழி காட்டியது மணிக்கூண்டு பக்கம் நிற்கிற வறுகடலை வண்டி. அங்கே சட்டியில் எண்ணெய் கிடையாது, மணல்தான். சூடான மணலுக்குள் கடலை எல்லாப் பக்கமும் சமமாக வறுபடுகிறது. அறிவியல் ஆசிரியரிடம் கேட்டேன். மணல் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, நெருப்பு நேராகப் படாமல் மெதுவாகப் பரப்பும் என்றார். மணல் போட்ட பாத்திரத்தை மூடினால் அதுவே சின்ன பேக்கரி அடுப்பு மாதிரி. ஓவன் இல்லாத வீடுகளில் இப்படிக் கேக் சுடுகிறவர்கள் நிறைய பேர் உண்டாம். அப்போதே முடிவு பண்ணிவிட்டேன்: முட்டை இல்லாத கோதுமை நெய் பிஸ்கட்.

ஆனால் அம்மா யோசித்தார்கள். “சுடுறது சரி. துக்க வீட்டுப் பண்டம்னு மத்தவங்க வாங்குவாங்களா? யாராவது மொகம் சுளிச்சா உனக்குத்தானே சங்கடம்” என்றார்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. சில வீடுகளில் அப்படிப் பார்ப்பார்கள் என்பது உண்மைதான்.

திண்ணையில் இருந்த தாத்தா கேட்டுக்கொண்டே இருந்தார். “சட்டி வைக்கக் கூடாதுன்னுதானே இருக்கு, அடுப்பையா அணைக்கச் சொன்னாக? வாங்குறாகளா இல்லையான்னு நீயே ஏன் நெனைக்கிற? போய்க் கேளு தாயி” என்றார்.

மறுநாள் குழுவில் ஐந்து பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். ஒருத்தி, “இதெல்லாம் ஒரு கேள்வியாடி?” என்று தலையில் குட்டினாள். முட்டை சாப்பிடாதவள், “முட்டை இல்லைல்ல? அப்பச் சரி” என்றாள். எதிர்வீட்டுத் தோழி, “எங்க பெரியம்மா இறந்த வருஷம் நாங்களும் ஸ்டார் கட்டலை” என்றாள். அது எனக்கு அன்றுதான் தெரியும். நாலாவது தோழி வீட்டில் கேட்டுவிட்டு வந்து, “ஆச்சி வீட்டுக்குக் கொண்டு வர வேணாம்னு சொல்லிட்டாங்க. நான் இங்கயே தின்னுக்கிறேன், கோவிச்சுக்காத” என்றாள். மனசுக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டு போய் யாருக்கும் தெரியாமல் போடாமல், நேராகச் சொன்னாளே என்று அவள் மேல் மரியாதை கூடியது. ஐந்தாவது ஆள் ஒன்றுமே சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினான்.

கடைசித் தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம், படிப்பு முடித்துவிட்டு, அம்மாவும் நானும் இரண்டு தட்டாகச் சுட்டோம். தாத்தா மணலைச் சலித்துக் கொடுத்தார். வீட்டில் ஆறு மாதமாக இல்லாத ஒரு வாசனை அன்றைக்கு வந்தது. “ஏலக்கா கொஞ்சம் தூக்கல்” என்றார் தாத்தா. அப்பத்தா சமையலுக்கும் இதையேதான் சொல்வார்.

மறுநாள் நாலாவது தோழி நாலு பிஸ்கட்டையும் என் பக்கத்தில் உட்கார்ந்தே சாப்பிட்டாள். தலையை ஆட்டினவன் எனக்குக் கொடுத்த பொட்டலம் மட்டும் கனமாக இருந்தது. மற்றவர்களுக்கு நாலு முறுக்கு, எனக்கு எட்டு. “உங்க வீட்ல தீபாவளி இல்லைல்ல, அம்மா சேத்து வைக்கச் சொன்னாங்க” என்றான்.

நண்பர்களே, பரிமாற்றத்துக்கு எதைச் செய்யலாம் என்று யோசிக்கும்போது ருசியை மட்டும் பார்க்காதீர்கள். யார் சாப்பிடப் போகிறார்கள், அவர்களுக்கு எது ஆகும், எது ஆகாது என்று முதலில் கேட்டுவிடுங்கள். உங்கள் வகுப்பில் துக்க வீட்டுப் பிள்ளை இருந்தால், ‘நீ ஒண்ணும் கொண்டு வர வேணாம், வாங்கிக்க மட்டும் செய்’ என்று நல்லதாக நினைத்துச் சொல்லிவிடாதீர்கள். வாங்கிக்கொண்டே இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அந்த ஒன்பது தட்டிலும் சீனி போட்ட எங்கள் அம்மாவுக்குத் தெரியும். அவர்களும் கொடுக்க ஒரு வழி இருக்கும். சேர்ந்து தேடிப் பாருங்கள்.

செய்து பாருங்கள்!

கோதுமை மாவு 200 கிராம், நெய் 100 கிராம், பொடித்த சீனி 100 கிராம், ஏலக்காய்ப் பொடி, ஒரு சிட்டிகை சோடா உப்பு. நெய்யையும் சீனியையும் வெளுக்கும்வரை குழைத்து, மற்றதைச் சேர்த்துப் பிசையவும். உதிர்ந்தால் ஒரு கரண்டி பால். சின்ன உருண்டையாக்கித் தட்டி, நெய் தடவிய தட்டில் இடைவெளி விட்டு அடுக்கவும். அடி கனமான பாத்திரத்தில் இரண்டு விரல் உயரம் சலித்த மணல் போட்டு, மூடி 10 நிமிடம் காய விடவும். மணல் மேல் ஒரு பிரிமனை வைத்து, அதன் மேல் தட்டை வைத்து மூடி, சின்னத் தீயில் சுமார் 20 நிமிடம். தீயைக் கூட்டினால் அடி கருகும், மேல் வேகாது. எடுத்தவுடன் மெத்தென்று இருக்கும், ஆறினால்தான் மொறுமொறுப்பு. பாத்திரம் ரொம்ப நேரம் சுடும். பெரியவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யவும்.

— 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி