மூடியைப் பாப்பாவே திறக்கட்டும்

கொழிஞ்சாம்பாறை,
வைகாசி மாதம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். கோயம்புத்தூரில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி மூணாறுக்கு ஏற்றிக்கொண்டு போனாய் என்று அம்மா சொன்னாள். உன் பாப்பா ஒன்பதாம் வகுப்புக்குப் போகிற நேரத்தில் வீட்டில் ஒன்று இருப்பது ரொம்ப நல்லது. மெதுவாக ஓடுகிறது, சில நாள் காலையில் திரையே வருவதில்லை, இதைக் கொடுத்துவிட்டு வேறு வாங்கலாமா என்று கேட்டாயாமே. அவசரப்படாதே. போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். எழுதிக் கொடுத்தால் பாப்பா பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்வாள். செய்ய வேண்டியவள் அவள்தான், நீ கூட இருந்தால் போதும். எங்கள் பள்ளி லேபைப் பார்த்துக்கொள்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், ஒருமுறை மூடியைத் திறந்து உள்ளே பார்த்த பெண்பிள்ளை அதற்கப்புறம் அந்தப் பெட்டியைக் கண்டு தயங்குவதே இல்லை.

முதலில் அதை எங்கே வைத்திருக்கிறாய் என்று பார். எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் புழுதியும். பங்குனி, சித்திரையில் ஃபேன் இறக்கையில் புழுதி அப்பிக்கொள்ளும், சூடு தாங்காமல் கம்ப்யூட்டர் தானே அணைந்துவிடும். 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற உங்களுக்குச் சூடு ஒரு கவலையே இல்லை. அங்கே எதிரி ஈரம். இடவப்பாதி மழை இறங்கியதும் வெளிச்சுவர் வியர்க்கும், செருப்பில் பூஞ்சை பிடிக்கும், அதே ஈரம் கம்ப்யூட்டருக்குள்ளும் போகும். அதனால் வெளிச்சுவரை ஒட்டி வைக்காதே, ஒரு சாண் தள்ளி வை. தரையிலும் வேண்டாம், பலகை போட்டு உயர்த்து. அடுப்புப் புகை வருகிற பக்கமும் வேண்டாம். கரியும் ஈரமும் சேர்ந்தால் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும், லேசில் வராது.

மழைக்காலத்தில் பலரும் செய்வது, பிளாஸ்டிக் உறை போட்டு மூடி, மாதக்கணக்கில் தொடாமல் விடுவது. உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் ஆகிவிடும். ஓடுகிற கம்ப்யூட்டர் தன் சூட்டிலேயே தன்னை உலர்த்திக்கொள்ளும். ஆடி மாதம் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் அரைமணி நேரம் போட்டு வையுங்கள். அணைத்த பிறகு மேலே பருத்தித் துண்டு ஒன்று போதும்.

காலையில் திரை வராத விஷயத்துக்கும் பெரும்பாலும் இந்த ஈரம்தான் காரணம். பெட்டி பீப், பீப் என்று கத்திவிட்டுச் சும்மா நிற்கிறதென்றால் ரேம் கார்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிளக்கைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடிக்கச் சொல், உள்ளே மிச்சமிருக்கிற மின்சாரம் இறங்கிவிடும். பக்கத்து மூடியைக் கழற்றியதும் பாப்பா கேபினட்டின் வெறும் இரும்பை ஒருமுறை தொடட்டும், உடம்பில் இருக்கிற மின்னேற்றம் அதில் போய்விடும். ரேமின் இரண்டு முனையிலும் இருக்கிற வெள்ளைக் கொக்கியை வெளிப்பக்கம் தள்ளினால் கார்டு எழும்பி வரும். அடிவிளிம்பில் வரிசையாகத் தங்க நிறப் பட்டைகள் இருக்கும், மங்கிப்போயிருக்கும். பென்சில் ரப்பரால் அதை ஒரே திசையில் மெல்லத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டச் சொல். எங்கள் லேபில் செத்துப்போனது என்று ஓரம் கட்டிய பெட்டிகள் பல இந்த ஒரு ரப்பரில் எழுந்திருக்கின்றன.

மூடி திறந்திருக்கும்போதே தூசியையும் எடுத்துவிடலாம். பெயின்ட் பிரஷ் போதும். புளோயர் பிடித்தால் ஃபேனை ஒரு விரலால் நிறுத்திக்கொள்ள வேண்டும், காற்றில் கண்டபடி சுற்றினால் பேரிங் கெடும். மின்சாரம் உள்ளே வருகிற எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

தேதி பழைய வருஷத்துக்கே போய்விடுகிறது என்றும் அம்மா சொன்னாள். மதர்போர்டில் சின்ன நாணயம் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சி.ஆர். 2032 என்று போட்டிருக்கும், 3 வோல்ட். அது தீர்ந்துவிட்டது. தேதி தவறாக இருந்தால் பிரவுசர் எந்தத் தளத்தையும் நம்பாது, பாதுகாப்பில்லை என்று எச்சரித்துக்கொண்டே இருக்கும். வாட்ச் கடையிலேயே அந்த பேட்டரி கிடைக்கும். கூட்டல் குறி மேலே தெரிகிற மாதிரி வைத்தால் சரி.

அடுத்தது விண்டோஸ். அதில் விண்டோஸ் 10 தானே இருக்கிறது? அதற்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அத்தனை பழைய பெட்டியில் 11 ஏறாது. இதற்காகத்தான் பலர் நல்ல கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடுகிறார்கள், எனக்கு அது பொறுக்கவே இல்லை. நம் கேரளத்துப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் என்ற வழி ஏற்கெனவே இருக்கிறது. 2001-இல் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்து இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். அந்தக் காலத்தில் முளைத்த ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம்தான் 2017-இல் கைட் என்ற நிறுவனமாக மாறியது. அவர்கள் உபுண்டுவை அடிப்படையாக வைத்துச் செய்த லினக்ஸில்தான் பாப்பா பள்ளியில் படிக்கிறாள். காசு கிடையாது. ஜியோஜீப்ரா, ஜிம்ப், லிப்ரெ ஆஃபீஸ் எல்லாம் அதோடு வரும். பள்ளியில் பார்க்கும் அதே திரை வீட்டிலும் இருந்தால் பத்தாம் வகுப்பு ஐ.டி. தேர்வுக்கு அவள் தனியாக மெனக்கெட வேண்டாம். முதலில் பென்டிரைவில் இருந்தே ஓட்டிப் பார்க்கட்டும். பிடித்த பிறகு, உள்ளே இருக்கிறதையெல்லாம் வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு ஏற்றலாம்.

ஏற்றியதும் திரையைத் தன் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளட்டும். சுவர்ப்படமா, நிறமா, அவள் பாடு. நான் கேட்பது தமிழ் விசைப்பலகை மட்டும். செட்டிங்ஸில் கீபோர்டு பகுதியில் தமிழ் 99 சேர்த்துக்கொண்டால் விண்டோஸ் கொடி போட்ட விசையையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தி மொழி மாறலாம். தமிழ்நாட்டு அரசு 1999-இல் ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. உயிரெழுத்து இடக்கைப் பக்கம், மெய் வலக்கைப் பக்கம். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு, புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். கூடவே மலையாளத்தையும் சேர்த்துவிடு. வில்லேஜ் ஆபீசுக்கு மனு எழுத உனக்கும் வேண்டும். தமிழ் எழுத்துருவுக்கு மீரா இனிமை போட்டுப் பார். மலையாளக் கணினிக்காக உழைக்கிற ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு நமக்காகச் செய்து இலவசமாகக் கொடுத்தது. எல்லையில் இருக்கிற நமக்கு அதைப் பார்க்கும்போது மனசு நிறைகிறது. உன் மாமியார் கண்ணுக்கு எழுத்தைப் பெரிதாக்க அக்சஸிபிலிட்டியில் 'லார்ஜ் டெக்ஸ்ட்' இருக்கிறது, மறந்துவிடாதே.

ஐப்பசியில் வரும் துலாவர்ஷ மழையின் இடியை நீ அறிவாய். பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை கவனம் என்று பேரிடர் மேலாண்மை ஆணையம் வருஷாவருஷம் சொல்கிறது. சுவிட்சை அணைத்தால் போதாது, வானம் கறுக்கும்போதே பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும், மோடத்துடையதையும் சேர்த்து. இடி தொடங்கிய பிறகு பாப்பா பிளக் பக்கமே போகக் கூடாது. கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறதா? அப்படியென்றால் எர்த் சரியில்லை, வயர்மேனைக் கூப்பிட்டுக் காட்டு. அதில் மட்டும் நீங்களாக எதுவும் செய்ய வேண்டாம்.

குடும்பப் படங்கள், பாப்பாவின் சான்றிதழ், ஆதாரப் பத்திரம் எல்லாவற்றிலும் ஒரு நகல் அந்தக் கம்ப்யூட்டரில், ஒன்று பென்டிரைவில், ஒன்று மலைக்கு வெளியே இங்கே என்னிடம். 2018 வெள்ளத்தில் கேரளத்தில் எத்தனை வீடுகளில் சான்றிதழ் போயிற்று, மறுபடி வாங்கத் தனியாக அதாலத் வைக்க வேண்டி வந்ததே. ஓணம் லீவுக்கு வரும்போது எனக்குரிய நகலை எடுத்துக்கொண்டு வா.

மெதுவாக ஓடுவதற்கு மருந்து எஸ்.எஸ்.டி.தான். பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு அதை மாட்டினால் ஆளே மாறிவிடும். அதோடு ரேம் 4 ஜி.பி. என்றால் 8 ஆக்கலாம். ஆனால் டி.டி.ஆர். 3 பலகையில் டி.டி.ஆர். 4 ஏறாது, இரண்டுக்கும் வெட்டுப் பள்ளம் வேறு வேறு இடத்தில் இருக்கும். காசு கொடுப்பதற்கு முன்னால், ரப்பர் போடுகிற அன்றைக்கு அந்தக் கார்டில் ஒட்டியிருக்கிற சீட்டைப் பாப்பா போட்டோ எடுத்து அத்தைக்கு அனுப்பட்டும். எது வாங்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா