திண்ணையில் நின்ற சைக்கிள்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது காதில் விழுந்த சொல், ‘கூர்ஸ் ஓ புவான்’. சைக்கிள் புள்ளிப் பந்தயம். இதில் கடைசியாகக் கோட்டை முதலில் தொட்டவர்தான் வென்றவர் என்று இல்லை. பத்துச் சுற்றுக்கு ஒருமுறை முந்தும் நால்வருக்கு 5, 3, 2, 1 புள்ளிகள். கூட்டத்தை முழுச் சுற்று முந்தினால் 20. பின்தங்கினால் 20 கழியும். குமாஸ்தாவுக்குப் பிடித்த கணக்கு! 2008 வரை ஒலிம்பிக்கில் தனிப் போட்டி. இப்போது ஓம்னியத்தின் கடைசிப் பகுதி.

2024 ஆகஸ்டில் ராத்திரி கண்விழித்துப் பாரிஸ் பந்தயம் பார்த்தேன். பிரான்சின் பெஞ்சமின் தோமா நடுவில் விழுந்தார். எழுந்து, மறுபடி ஏறி, தங்கமும் வாங்கினார்.

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு மாதம் முன்பு விருத்தாசலம் பாலக்கரையில் நானும் சைக்கிளோடு விழுந்தேன். முழங்காலில் சிராய்ப்புதான். ஆனாலும் வண்டி திண்ணையிலேயே நின்றது. “இந்த வயசுல வேண்டாங்க” என்று மனைவி சொன்னதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். பயம் எனக்குத்தான்.

மறுநாள் விடியலில் காற்றடித்து, பழமலைநாதர் கோயிலை ஒரே ஒரு சுற்று சுற்றினேன். திரும்பியபோது மனைவி வாசலில் நின்றாள். திட்டவில்லை. காபியை நீட்டினாள்.

எத்தனை புள்ளி போடலாம், சொல்லுங்கள்?