எண்ணுக்கு மாறிய வெளிச்சம்

பூந்தமல்லி பக்கம் ஒரு படப்பிடிப்புத் தளம். இரவில் கார் ஓட்டும் காட்சி, கார் நகரவில்லை. பின்னால் எல்இடி சுவரில் சாலை ஓடுகிறது. காரைச் சுற்றிக் கட்டிய எல்இடி குழல்கள் அடுத்தடுத்து எரிந்து அணைய, தெருவிளக்குகள் கடந்துபோகின்றன. டேப்லெட்டில் அதை இயக்கியவர் இளைஞர். ஐம்பதைத் தாண்டிய லைட்மேன் ஒருவர் நடிகரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, எல்லாம் ஒரே தாளத்துல வருது. ரோட்டுல அப்படி வராது. ஒரு கம்பத்துல லைட் எரியாது, நடுவுல ஒரு டீக்கடை வெளிச்சம் அடிக்கும்."

இளைஞர் இடைவெளிகளைக் கலைத்துப் போட்டார். முகம் சட்டென்று சாலைக்கு வந்துவிட்டது.

முன்பு இதே காட்சிக்கு இருவர் காரை ஆட்ட, ஒருவர் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓட, இன்னொருவர் அதன் குறுக்கே மரக்கிளையை அசைப்பாராம். அப்படி ஓடியவர்தான் இவர். வெளிச்சம் ஒரு கன்னத்தில் ஏறி மறு கன்னத்தில் இறங்க எவ்வளவு நேரமாகும் என்பது அவர் காலுக்குத் தெரியும்.

மாறியது கருவி. 3,200 கெல்வின் டங்ஸ்டன் விளக்கைப் பகல் வெளிச்சத்தின் 5,600க்குக் கொண்டுவர நீல ஜெலட்டின் பேப்பர் கட்டுவார்கள். இன்று எல்இடி பேனலில் எண்ணை மாற்றினால் போதும். விளக்குகளை இயக்கும் டிஎம்எக்ஸ் முறையில் ஒரு தொகுப்புக்கு 512 சேனல்கள். ஒரு விளக்கே அதில் பலவற்றைப் பிடித்துக்கொள்ளும். பக்கத்து விளக்கின் எண் அதற்குள் புகுந்துவிட்டால், ஒன்றை மங்கவைக்கும்போது இன்னொன்று நிறம் மாறும். அந்தக் கணக்கை அவர் சட்டைப்பை நோட்டில் தமிழில் எழுதி வைத்திருக்கிறார்.

"யாரண்ணே சொல்லிக் கொடுத்தாங்க?"

"பசங்க பண்றதப் பார்த்து எழுதிக்கிட்டதுதான் சார். கிளாஸ் நடத்துறாங்கன்னு சொல்வாங்க. போற அன்னிக்குக் கூலியும் பேட்டாவும் போயிடுமே."

திரைத்துறைப் பயிற்சி பற்றிய பேச்சில் எனக்கு இதுதான் பெரிய ஓட்டையாகப் படுகிறது. 1945இல் தொடங்கிய தரமணி திரைப்படப் பயிற்சி நிறுவனம் நல்ல ஒளிப்பதிவாளர்களைத் தந்திருக்கிறது. ஆனால் லைட்மேன் அந்த வாசல் வழியாக வருபவர் அல்ல; மாமாவோ சித்தப்பாவோ கைபிடித்து யூனிட்டில் சேர்த்துவிட்டவர். அவரைத் தேடிப் பயிற்சிதான் போக வேண்டும்: விளக்குகள் அடுக்கிய வாடகைக் கிடங்குக்கே, தமிழில், அன்றைய கூலியோடு. அந்தக் கூலியைத் தயாரிப்பாளர்களும் விளக்கு வாடகைக்கு விடுபவர்களும் பகிர்ந்துகொள்வதே நியாயம். நாளை அந்தத் திறமையால் பயனடையப் போகிறவர்கள் அவர்களே.

பாடத்தில் முதலில் வர வேண்டியது உயிர்ப் பாதுகாப்பு. 2020 பிப்ரவரியில் இதே பூந்தமல்லி வட்டாரத்துப் படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூன்று பேர் மாண்டார்கள். 18,000 வாட் விளக்கை உயரத்தில் ஏற்றுவதற்கும், எல்இடி பலகைகளைத் தொங்கவிடுவதற்கும், மழையில் எர்த் கொடுப்பதற்கும் எடைக் கணக்கும் மின்கணக்கும் தெரிந்தாக வேண்டும். அனுபவம் மட்டும் அங்கே காப்பாற்றாது.

டேப்லெட் பிடிக்கும் இளைஞர்களையும் சில மாதங்கள் மூத்த லைட்மேன்களிடம் விட வேண்டும். இருவருக்கும் எழுத்துத் தேர்வு வேண்டாம். பத்து விளக்குகளைக் கொடுத்து, மழை ஓய்ந்த இரவில் ஒரு தெருமுனையை அமைத்துக் காட்டச் சொல்லலாம்.